பஞ்சுப்படி

சண்டைக் காலத்தில் ராசிபுரத்துக்கு அருகே ஒரு நூற்பாலை இருந்தது. அங்கே நூல் அறுவதைவிட ஆட்கள் வேலையை விட்டு அறுந்து போவது அதிகம். அரிசி விலை நாளுக்கு நாள் ஏறியது. கூலி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

சாலம்மாள் அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் ஒட்டிவிடுவாள். ஒருநாள் அவள் மேனேஜர் சுவாமிநாதன் முன் வந்து நின்றாள்.

"பஞ்சப்படி குடுத்தா இருக்கிறேனுங்க. இல்லீன்னா ஒண்ணாந்தேதி குமாரபாளையத்துத் தறிக்குப் போறேனுங்க. எங்கூட இருபது பேரு வாராங்க."

விலைவாசி ஏறும்போது கூலியோடு சேர்த்துத் தரும் பணத்துக்குப் பஞ்சப்படி என்று பெயர்.

இருபத்தொரு பேர் போனால் ஆலை நிற்கும். ஆலை நின்றால் மேனேஜர் நாற்காலி நிற்காது. அன்றே அவர் தலைமை அலுவலகத்துக்கு மிக்க பணிவுடன் எழுதினார். முப்பதாம் தேதி அச்சிட்ட உத்தரவு வந்தது.

"தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் பஞ்சுப்படி வழங்குக."

'ச' இருக்கவேண்டிய இடத்தில் 'சு' இருந்தது.

"எழுத்துப்பிழைங்க" என்றார் குமாஸ்தா மருதாசலம்.

"இருக்கலாம். உத்தரவைத் திருத்த நமக்கு அதிகாரம் இல்லை. பஞ்சு இருக்கிறதா? படி இருக்கிறதா? அளந்து கொடும்."

பஞ்சை உதிரியாகப் போட்டால் ஒரு படி. அமுக்கினால் அதுவே கால்படி. ஆகவே போட ஒருவர், அமுக்க ஒருவர், அமுக்குவதைக் கண்காணிக்க ஒருவர் என மூன்று அலுவலர் நியமனம் பெற்றனர். அலுவலர்களுக்குத் தனி உத்தரவு உண்டு; அதில் எழுத்துப்பிழை இல்லை.

"ஏனுங்க சாமி, அமுக்குறவங்களுக்கு என்ன குடுக்கிறீங்க?" என்றாள் சாலம்மாள்.

"பஞ்சப்படி."

"அப்ப நானும் அமுக்குறேனுங்க."

"இழையை யார் ஒட்டுவது?"

"பஞ்சு வாங்குறவங்க ஒட்டட்டுமுங்க!"

மறுநாள் மற்ற இருபது பேரும் அமுக்கும் வேலை கேட்டு மனுக் கொடுத்தார்கள். போகவிட முடியுமா? மேனேஜர் எல்லோரையும் நியமித்தார். அமுக்கியதை உதறச் சிலர். உதறியதை மறுபடி அமுக்கச் சிலர். எல்லோரும் சங்கு ஊதுமுன்பே வந்து, முகம் மலர உழைத்தார்கள்.

மாத அறிக்கையில் மேனேஜர் எழுதினார்: "விலகியோர்: ஒருவருமில்லை. உற்சாகம்: மிக அதிகம்." நூலைப் பற்றித் தலைமை அலுவலகம் கேட்கவில்லை, அவரும் எழுதவில்லை.

மகிழ்ந்துபோன தலைமை அலுவலகம் பதில் எழுதியது: "தங்கள் திறமையை மெச்சி, சிறப்புப்படி ஒன்று அனுப்பியுள்ளோம்."

மேனேஜர் பார்சலை ஆவலோடு பிரித்தார். உள்ளே பளபளவென்று ஒரு பித்தளைப் படி. கவிழ்த்துப் பார்த்தார், தட்டியும் பார்த்தார்.

"எழுத்துப்பிழையாக இருக்குமோ?"

மருதாசலம் கடிதத்தை இருமுறை படித்தார். "எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க."

சாலம்மாள் கை நீட்டினாள்.

"கொண்டாங்க சாமி, அமுக்கித் தாரேன்."