ஜமைக்காத் தோரணம்

ராமையா வீட்டு வாசலில் தொங்கிய தோரணத்தைப் பார்த்ததும் சிவசாமி கிட்டே போய் ஓலையைத் தடவிப் பார்த்தான்.

மறுநாள் அந்த வீட்டில் கல்யாணம். மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து தென்னங்குருத்து ஏற்றி வரவேண்டிய லோரி மண்சரிவில் மாட்டிக்கொண்டதாகக் காலையில்தான் சொன்னார்கள். இந்த மலைக் குளிரில் தென்னை வளராது. அப்படியிருக்க, இளமஞ்சள் நிறத்தில் கிளி கிளியாக மடித்துக் கட்டிய இந்த ஓலை எங்கிருந்து வந்தது?

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அவன் மனைவி செல்லம். கையில் இன்னும் கத்தி இருந்தது.

"ஓலை ஏதுடி?"

"நம்ம பங்களாவுலதான். கண்ணாடி ரூம்ல அஞ்சு தென்னை சும்மாதானே நிக்குது? கடைசித் தொட்டியில மட்டும் குருத்தோட எடுத்தேன் லா."

"அது தென்னை இல்லடி. ஜமைக்கா."

"ஜமைக்காவோ எமக்காவோ. ஓலையைப் பார்த்தா எனக்குத் தெரியாதா? தென்னைதான்."

அவளிடம் வாதாட நேரமில்லை. சிவசாமி தேயிலைத் தோட்ட மேனேஜர் பங்களாவில் தோட்டக்காரனாகச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. மேனேஜர் ராதாகிருஷ்ணன் துரை ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஜமைக்காத் தீவுக்குப் போனபோது, அந்தத் தீவின் மலைகளில் மட்டும் வளரும் பனை ஒன்றின் விதைகளைக் கொண்டுவந்து முளைக்க வைத்தவர். தினமும் தேநீருக்கு முன்னால் தன் சொந்தக் கைக்குட்டையால் இலைகளைத் துடைப்பார். அவருடைய மனைவிக்கே அந்த மரியாதை கிடைத்ததில்லை. முந்தின தோட்டக்காரனின் சிகரெட் நெருப்பு ஓர் இலையில் பட்டது. மறுநாளே அவன் முதுகில் பூச்சிமருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் மருந்தடிக்கப் போனான். பங்களாவுக்குப் பின்னால் அவனுக்கிருந்த வீடும் போயிற்று. இப்போது அந்த வீட்டில் இருப்பது சிவசாமியும் செல்லமும்.

குருத்தை வெட்டினால் மரம் அதோடு சரி.

சிவசாமி தோரணத்தில் ஒரு பகுதியைப் பிய்த்துக்கொண்டு பங்களாவுக்கு ஓடினான். ஓலைகளைச் சேர்த்து நூலால் கட்டி, வெட்டின இடத்தில் கஞ்சிப் பசை தடவி நட்டு வைத்தான்.

"என்னடா, மரத்துக்குக் குடுமி முடிஞ்சு வச்சிருக்கே?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சமையல்காரர் சிங்காரம். இருபது வருடமாகப் பங்களாவில் இருப்பவர். துரை லீவில் போனால் கண்ணாடி அறைச் சாவியும் அவரிடம்தான் இருக்கும்.

"அண்ணே, காட்டிக் குடுத்துடாதீங்க."

"எனக்கென்னடா வந்துச்சு? எல்லாம் இலைதானே" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நாலு மணிக்குத் துரை வந்தார். கைக்குட்டையை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சிவசாமி, இந்த இலை ஏன் கிளி மாதிரி மடிஞ்சிருக்கு?"

அவசரத்தில் ஒரு கிளியைப் பிரிக்க மறந்துபோயிருந்தது. மூக்கு, வால் எல்லாம் சரியாக இருந்தன.

"நோவு தொரை" என்றான் சிவசாமி. "இலைச்சுருட்டு நோவு. ரெண்டு நாள் கோணி போட்டு மூடி வச்சா சரியாயிடும்."

துரையின் முகம் வெளுத்துவிட்டது. நேராகப் போய்த் தொலைபேசியை எடுத்தார். பனை மரங்களைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர் லத்தீஃபா, ஐந்தும் ஜமைக்கா மரங்கள்தான் என்று பார்த்துச் சான்று எழுதிக் கொடுக்க அடுத்த மாதம் கோலாலம்பூரிலிருந்து வருவதாக இருந்தது. மரத்துக்கு நோவு என்று கேட்டதும் அந்த அம்மாள் திங்கட்கிழமை காலையிலேயே வருவதாகச் சொல்லிவிட்டார்.

தேநீர் கொண்டுவந்த சிங்காரத்தின் கையிலிருந்து தட்டு விழுந்தது. தன் மேல் அவருக்கு இவ்வளவு பாசமா என்று சிவசாமிக்குக் கண் கலங்கியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, மாற்று மரம் தேடிக் காய்கறி லோரி ஒன்றில் தொற்றிக்கொண்டு திரிங்காப் கிராமத்துக்குப் போனான். தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் சீன முதலாளியின் சாமந்திப் பூத் தோட்டத்தில், பழைய நெய்த் தகரத்தில் ஒரு பனை நின்றது. அதே மாதிரி ஓலை, அதே பச்சை. சிவசாமிக்குக் கும்பிடத் தோன்றியது.

"இது பங்களா மரம்" என்று சொல்லித் தவுக்கே சிரித்தார். விற்க வந்தால் எல்லோரும் இப்படித்தான் உயர்த்திப் பேசுவார்கள் என்று சிவசாமி நினைத்துக்கொண்டான். செல்லம் உயிராக வைத்திருந்த டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கொடுத்து மரத்தைத் தூக்கி வந்தான். குருத்துப் போன மரத்தை உரக்குழியில் புதைத்துவிட்டு, புது மரத்தை அதே தொட்டியில் வைத்து நிமிர்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பழையதைவிட இது ஒரு முழம் உயரம்.

சாயங்காலம் துரை கோணியை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒரே நாள்ல ஒரு முழம் வளர்ந்திருக்கே."

"மருந்து ஊத்துனேன் தொரை."

"என்ன மருந்து?"

சமையலறையிலிருந்து மீன் கழுவும் வாடை வந்தது. "மீன் கழுவுன தண்ணி" என்றான் சிவசாமி.

"மத்த நாலுக்கும் ஊத்து. நாலு வாளி ஊத்து."

திங்கட்கிழமை காலை டாக்டர் லத்தீஃபா மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடி அறைக்குள் நுழைந்தபோது, பிரிஞ்சாங் டவுன் வரைக்கும் இருந்த பூனைகளெல்லாம் அங்கே கூடியிருந்தன. அந்த அம்மாள் ஒரு பூனையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பூதக்கண்ணாடியுடன் முதல் தொட்டிக்குமுன் குனிந்தார்.

"இது செம்பனை."

"என்னது?"

"செம்பனை, சார். எண்ணெய் எடுக்கறது. மலையை விட்டு எறங்குனா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் இதான். குளிர்ல வளராம நிக்குது."

இரண்டாவது காட்டுப் பாக்கு. மூன்றாவது நிபோங், நம்மூர்ச் சதுப்பில் முள்ளோடு முளைக்கிற ஜாதி. நான்காவது இன்னொரு செம்பனை.

துரை முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என் கையால விதை போட்டேனே. இத்தனை வருஷம் இதுங்ககிட்டதானே பேசிக்கிட்டிருந்தேன்."

"சின்னதா இருக்கும்போது எல்லாப் பனையும் ஒரே மாதிரிதான் சார். யாருக்கும் தெரியாது."

ஐந்தாவது தொட்டி. சிவசாமி கண்களை மூடிக்கொண்டான். மருந்துத் தொட்டியின் கனம் இப்போதே முதுகில் ஏறிவிட்டது. வீட்டுச் சாமான்களை எந்த லயத்து வரிசைவீட்டுக்குக் கொண்டுபோவது, செல்லத்திடம் ரேடியோவைப் பற்றி என்ன சொல்வது என்றெல்லாம் யோசித்தான். டாக்டரம்மாளின் செருப்புச் சத்தம் தொட்டியை இரண்டு தரம் சுற்றி வந்தது.

"சார்" என்றார் கடைசியில். "இது ஜமைக்கா. சந்தேகமே இல்ல. இந்த நாட்டுல இப்படி ஒண்ண நான் பார்த்ததே இல்ல."

துரையைவிடச் சிவசாமிதான் ஆடிப்போனான். சாமந்திப் பாத்தியிலிருந்து தூக்கி வந்தது எப்படி ஜமைக்காவாகும்?

துரை எழுந்து வந்து, மீன் நாற்றத்தைப் பொருட்படுத்தாமல் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மத்ததெல்லாம் எப்படிப் போச்சோ தெரியல. இருந்த ஒண்ணை நீ காப்பாத்திட்டே. நாளையிலேருந்து நீதான் நர்சரிக் கங்காணி. வீடு உனக்கே."

சிவசாமிக்கு அழுகை வந்தது. சந்தோஷமா, பயமா என்று அவனுக்கே தெரியவில்லை. வெளியே வந்ததும் சிங்காரத்தைச் சமையலறைப் பின்கதவுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணே, அது தொரையோட மரமே இல்ல. திரிங்காப் தவுக்கேகிட்ட ரேடியோவைக் குடுத்து வாங்குனது. அவர்கிட்ட ஜமைக்கா மரம் எப்படிண்ணே வந்துச்சு?"

சிங்காரம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"தொரையோடதுதான்டா, அவர் லீவுல போனப்போ நாலு செத்து இது ஒண்ணுதான் பொழச்சுது, செத்த எடத்துல எல்லாம் கெடச்ச கன்னை நட்டுட்டு, இதைத் தவுக்கேகிட்ட குடுத்துத் தீபாவளிக்குச் சேவல் வாங்கிட்டு, அந்தத் தொட்டியில நான்தான் தென்னம்பிள்ளை வச்சேன்."