பிறவிக் குற்றவாளியின் நாடித்துடிப்பு

நான் ஒரு பிறவிக் குற்றவாளி என்று எங்கள் சர்ச் சபைக் கமிட்டி முன்னால் நிரூபித்துவிடுவது என்று புதன்கிழமை காலை முடிவு செய்தேன். சாதாரணத் திருடன் என்று பெயர் வாங்குவதைவிட அது கொஞ்சம் கௌரவம். சாதாரணத் திருடன் தானாகத் திருடுகிறான். பிறவிக் குற்றவாளி பாவம், அவனா திருடுகிறான்? அவன் மூளை திருடுகிறது. அந்த மூளையை யார் கொடுத்தது? சபைக் கமிட்டி அதற்கு மேல் கேள்வி கேட்க முடியாது.

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் போடி ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

என் பெயர் ஞானசிகாமணி. போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம். ஏலக்காய் வியாபாரியின் கை சும்மா இருக்காது. மூட்டை திறந்திருந்தால் ஒரு பிடி அள்ள வேண்டும். உள்ளங்கையில் உருட்ட வேண்டும். ஒன்றை உடைத்து முகர வேண்டும், ஒன்றை மெல்ல வேண்டும், மீதியைச் சட்டைப் பையில் போட வேண்டும். இதற்குப் பெயர் சாம்பிள். தொழிலில் யாரும் இதைத் திருட்டு என்று சொல்வதில்லை. நான் உங்கள் கடையில் எடுப்பேன், நீங்கள் என் கடையில் எடுப்பீர்கள், இரண்டு பேர் பையும் மணக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததையெல்லாம் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவோம். பதினெட்டு வருஷமாக ஏலம் கூறுவது நான்தான். இதன் அருமை உங்களுக்குப் புரிய வேண்டும். முன்பெல்லாம் ஏலக்காய் ஏலத்தில் தொண்டை கிழியக் கத்துவோம். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். பட்டனை அமுக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வீட்டில் வாயைத் திறக்கும் வழக்கம் கல்யாணமான முதல் மாதத்தோடு போயிற்று. ஆக, வருஷத்தில் ஒரே ஒரு நாள், மூன்று மணி நேரம், நான் பேச நானூறு பேர் கேட்பார்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மீதி முந்நூற்று அறுபத்து நாலு நாளும் மூச்சு விடுகிறேன்.

அதில்தான் மண் விழுந்தது.

மலைமேல் தோட்டம் வைத்திருக்கிற ஜாஸ்பர், தன் முதல் பறிப்பில் இரண்டு கிலோ ஏலக்காயை அதற்கு முந்தின வாரமே கொண்டுவந்து சபை ஹாலில் பித்தளைத் தாம்பாளத்தில் பரப்பி வைத்தார். பருவட்டான காய், ஒவ்வொன்றும் குண்டு குண்டாக. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. பண்டிகை ஏற்பாட்டைப் பார்க்கிறேன் என்று நான் தினமும் ஹாலுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை ஜாஸ்பர் எடை போட்டுப் பார்த்தார். நானூறு கிராம் குறைந்தது.

"எலி" என்றேன்.

"எலின்னா தொலி கெடக்குமே அண்ணாச்சி" என்றார் ஜாஸ்பர்.

ஹாலில் கேமரா இருப்பது அப்போதுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது. பெண்கள் சங்கம் வாங்கிக் கொடுத்த கேமரா. சங்கத்தின் தலைவி என் மனைவி ஜெபஷீலா. போட்டுப் பார்த்தார்கள். ஆறு நாளில் முப்பத்தெட்டு தடவை என் கை தாம்பாளத்துக்குப் போய்ச் சட்டைப் பைக்குத் திரும்பியிருந்தது. முப்பத்தெட்டு தடவையும் என் முகம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. கையும் முகமும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாதவை போல இருந்தன.

போதகர் நல்ல மனிதர். திட்டவில்லை. "அண்ணாச்சி, உங்கள ஏலம் விடத்தான சொன்னோம்? எடுக்கச் சொல்லலையே" என்றார். திட்டியிருக்கலாம்.

புதன் மாலை கமிட்டி கூடும், இந்த வருஷம் நான் ஏலம் கூறுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அழாத குறையாக வீட்டுக்கு வந்தேன். ஜெபஷீலா வாஷிங் மெஷினிலிருந்து என் சட்டையை எடுத்து முகர்ந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்தச் சட்டையத் துவைச்சேனா, பாயாசத்துல முக்குனேனா?"

வாசலில் கழற்றிய செருப்பை ஒழுங்காக அடுக்கி வைத்தேன்.

"போன வாரமே கேட்டேன். கடைச் சரக்குன்னீக."

"சாம்பிள், ஷீலா."

"நானூறு கிராமா? ஒரு தெருவே கிறிஸ்மஸுக்குப் பிரியாணி போடலாம்."

"நான் என்ன செய்ய? கை தானாப் போகுது. அது என் குணம்."

"குணம்னா குணமாகாதா?"

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் மறுநாள் காலை போனை எடுத்தேன். கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியர் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். மனிதன் ஏன் குற்றம் செய்கிறான்? அந்தக் காலத்தில் காதையும் தாடையையும் அளந்தே குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பினார்களாம். எழுந்து போய்க் கண்ணாடியில் காதைப் பார்த்துவிட்டு வந்தேன். அதற்குள் அவர், அதெல்லாம் தப்பு என்று தள்ளியாகிவிட்டது என்றார். ஏமாற்றமாக இருந்தது. ஆனால் அடுத்து அவர் சொன்னதெல்லாம் எனக்காகவே சொன்னது. சில பேருக்குச் சும்மா இருக்கும்போது நெஞ்சு மெதுவாகத் துடிக்குமாம், அவர்களுக்குப் பயம் குறைவாம். சில பேருக்கு மூளையின் முன்பகுதியில் பிரேக் சரியாகப் பிடிக்காதாம், யோசிப்பதற்கு முன்னாலேயே கை நீண்டுவிடுமாம். இதில் ஒரு பங்கு அப்பன் வழி, ஆத்தாள் வழி வருவதாம். பொறுமையின்மையும் ஒரு அறிகுறியாம். அந்த இடத்தில் பொறுமையில்லாமல் வீடியோவை நிறுத்திவிட்டேன். என் வழக்குக்கு அது போதும்.

வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒரு சாக்கு கிடைத்திருந்தது, அதுவும் விஞ்ஞானச் சாக்கு.

"ஷீலா, என் மேல தப்பில்ல. எங்கப்பாவும் இப்படித்தான். கல்யாண வீட்டுச் சமையக்கட்டுல போயி ஒரு கை பருப்ப அள்ளி, இது எந்த ஊருச் சரக்குன்னு கேட்டவரு. ரத்தத்துல வருது."

"மாமா அள்ளுவாக. பாத்துட்டுத் திருப்பிச் சாக்குலயே போட்டுருவாக. நானே பாத்துருக்கேன்."

"பாதி குணம் வந்துருக்கு."

"அள்ளுற பாதி மட்டும் வந்துச்சாக்கும்."

அவளோடு பேசிப் பயனில்லை. நெஞ்சுத் துடிப்பை அளந்து எழுத்தில் கொண்டுபோவது என்று பிரஷர் பார்க்கும் மெஷினை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டு படுத்தேன். அறுபத்தொன்று. எனக்கே என்னைக் கண்டு பயமாக இருந்தது. மறுபடி அமுக்கினேன். மெஷின் உறுமிக்கொண்டிருக்கும்போது ஜெபஷீலா டீயோடு உள்ளே வந்தாள். நூற்று நாலு.

"என்னங்க செய்யுறீக?"

"ஒண்ணுமில்ல."

அவள் மெஷினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டீயை வைத்துவிட்டுப் போனாள். அவள் பாத்திரம் விளக்கும் சத்தம் கேட்கிறவரை காத்திருந்து இன்னும் நாலு தடவை அளந்தேன். அறுபது, அறுபத்திரண்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொண்டேன். நூற்று நாலை எழுதவில்லை. குற்றவாளி பொய்க் கணக்கு எழுதுவது இயற்கைதானே!

மாலையில் கமிட்டி கூடியது. போதகர், ஜாஸ்பர், இன்னும் நாலு பேர், பெண்கள் சங்கத்தின் சார்பில் ஒரு கைப்பையோடு ஜெபஷீலா. நான் எழுந்து நின்று பேசினேன். நன்றாகவே பேசினேன். மூளையின் பிரேக், பரம்பரை, மெதுவாகத் துடிக்கும் நெஞ்சு என்று ஒன்றையும் விடவில்லை. தாளைப் பிரித்து எண்களை வாசித்தேன்.

"அப்ப உங்க மேல தப்பே இல்லங்கிறீகளா அண்ணாச்சி?" என்றார் போதகர்.

"பிறப்பு, ஐயா. நான் என்ன செய்ய முடியும்?"

ஜாஸ்பர்கூட இரக்கத்தோடு தலையாட்டினார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்போது ஜெபஷீலா எழுந்தாள். கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து மெஷினை எடுத்தாள்.

"கைய நீட்டுங்க."

"இங்கன எதுக்கு?"

"நீட்டுங்கங்கிறேன்."

நீட்டினேன். முப்பத்தொரு வருஷப் பழக்கம். பட்டையைச் சுற்றினாள், பட்டனை அமுக்கினாள், மற்ற ஆறு பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நூற்றுப் பதினெட்டு.

"பாருங்க ஐயா. மெதுவாத் துடிக்கிற நெஞ்சுக்குத்தான் பயமிருக்காதாம். இவுக நெஞ்சு பயந்து சாகுது. தப்புன்னு தெரிஞ்ச நெஞ்சு இது."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மூளையின் முன்பகுதி சரியாக வேலை செய்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். "நீ பக்கத்துல நின்னா துடிக்காம என்ன செய்யும்? நீ அங்கன தள்ளிப் போ, அறுபத்தொண்ணுக்கு வருதா இல்லையா பாரு!" என்று கத்தினேன்.

ஜெபஷீலா இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தாள் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"அதத்தான் ஐயா நானும் சொல்ல வந்தேன். இவுக அந்த வீடியோவுல பாதிதான் பாத்தாக. நான் முழுசாப் பாத்தேன். அந்தக் குணத்தோட பிறந்தவுக எல்லாரும் தப்பு செய்யுறதில்லையாம். குணம் ஒரு சாய்வுதானாம். கைக்கெட்டுற தூரத்துல என்ன இருக்கு, பக்கத்துல யாரு இருக்காகங்கிறதும் சேந்தாத்தான் குத்தமாம். முப்பத்தெட்டு தடவையும் போட்டுப் பாருங்க. ஒண்ணுலயாவது நான் பக்கத்துல இருக்கேனா?"

போட்டுப் பார்த்தார்கள். இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் அவளும் நானும் ஒரு மணி நேரம் ஹாலில் நின்றிருந்தோம். அந்த ஒரு மணி நேரமும் என் கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தன. எனக்கே அப்போதுதான் தெரியும்.

"ஜாஸ்பர் தம்பிக்கு நானூறு கிராமுக்கு நானூறு கிராம் எங்க கடையிலருந்து இன்னிக்கே வந்துரும். இவுகள ஒதுக்க வேணாம் ஐயா, பாவம். பிறப்பு அப்படி. என் பக்கத்துலயே நிக்கட்டும். ஏலத்த நான் கூறுறேன். இவுக பொருளத் தூக்கிக் காட்டட்டும்."

"ரெண்டு கையும் வேலையா இருக்கும்ல" என்றார் ஜாஸ்பர் மகிழ்ச்சியோடு.

ஏகமனதாக நிறைவேறிற்று. எதிர்த்து ஒரு கை உயரவில்லை. என் கையில் பட்டை கட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவள் மோசமாகக் கூறியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அருமையாகக் கூறினாள். நானூறு பேரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள், போட்டி போட்டுக் கேட்டார்கள். நான் பூசணிக்காயைத் தூக்கினேன். வாழைத்தாரைத் தூக்கினேன். தேங்காய்ச் சாக்கைத் தூக்கும்போது இடுப்பில் ஏதோ நழுவியது. என் தொண்டைக்குள் பதினெட்டு வருஷத்து வசனமெல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. எவ்வளவு வேதனை என்று சொல்லி மாளாது.

கடைசியில் ஒரு வான்கோழி. மூவாயிரத்தில் நின்றுவிட்டது. யாரும் ஏற்றவில்லை. ஜெபஷீலா முதல்முறையாகத் தயங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை. இந்த இடத்தில் ஏலக்காரன் என்ன சொல்ல வேண்டும் என்று இந்தச் சபையிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். வான்கோழியோடு அவள் பக்கம் சாய்ந்தேன்.

"அப்படியில்ல ஷீலா. நல்லாக் குரலெடுத்து, 'ஐயாயிரம்!'னு—"

"ஐயாயிரம்! எங்க வீட்டுக்காரரு ஐயாயிரம் கேக்குறாக! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!"

இப்போது எங்கள் வீட்டில் ஆண்குரல் ஒன்று கத்தினால் ஜெபஷீலா உடனே ஓடி வருகிறாள், வான்கோழிக்குத் தீனி தீர்ந்துவிட்டதோ என்று.