டைகர் குரைத்தால் வெளியே வரணும்

சாம்பியன் ரீப்ஸில் ஒரு நாயின் பேச்சைக் கேட்டு சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள் மொத்தத்தையும் தெருவில் நிறுத்திய ஒரே மனிதர் எங்கள் ராக்பர்ஸ்ட் மாமாதான்.

இங்கிருந்த தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். குடைந்த பாறை உள்ளே வெடித்து மேலே வீடு குலுங்குமே, அதுதான் ராக்பர்ஸ்ட். மைன்ஸ் மூடிய பிறகும் எப்போதாவது வரும், பாத்திரம் உருளும். மாமா மட்டும் அதைத் தினமும் எதிர்பார்த்தார். காரணமே இல்லாமல் அவருடைய டைகர் குரைத்தால் போதும், இருமிக்கொண்டே வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்.

"வெளிய வாங்க. நாய்க்கு முன்னாடியே தெரிஞ்சிடும்."

அடுப்பில் பால் பொங்கட்டும், தலையில் ஷாம்பூ நுரை வழியட்டும், விடமாட்டார். ஷிப்ட் முடிந்து மேலே வந்தவர்களை எண்ணுவதுபோல எங்களை விரல் நீட்டி எண்ணுவார். ஆள் சரியாக இருந்தால்தான் உள்ளே போகலாம். டைகர் குரைத்துப் பூமி ஒருநாளும் அசைந்ததில்லை.

பெங்களூரில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் பக்கத்து வீட்டுச் செல்விதான் நொந்துபோனாள்.

"மாமா, நாயை எங்கனா அனுப்சிடுங்க. இல்லாட்டி நானே ஆளைக் கூப்ட்டு புடிச்சிக் குடுத்துடுவேன்."

மாமா ஆடிப்போய்விட்டார். அவருக்கு டைகரை விட்டால் யாரும் இல்லை. என்னையும் இழுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டர் காது, பல் எல்லாம் பார்த்தார். நோய் எதுவும் இல்லை.

"குரைக்கறதுக்கு முன்னாடி வீட்ல இன்னா நடக்குதுன்னு கவனிங்க. அதை மாத்தினா குரைப்பு குறையும்."

மறுவாரம் மாமா போய்ச் சொன்னார்.

"ஒண்ணுமே நடக்கல டாக்டர். இருமி முடிச்சி அப்பாடான்னு சாய்வேன். வூடே சைலண்டா இருக்கும். அப்பதான் குரைக்குது."

டாக்டர் நாயை விட்டுவிட்டு மாமாவின் நெஞ்சைப் பார்த்தார்.

"நீங்க முதல்ல உங்க நுரையீரலைக் காட்டுங்க."

வழியெல்லாம் மாமா என்னிடம் பொரிந்து தள்ளினார். "நாய்க்கு வைத்தியம் கேட்டா எனக்குச் சொல்றான். இன்னா டாக்டரு இவன்?"

ஒரு மத்தியானம் டைகர் விடாமல் குரைத்தது. கதவை யாரும் தட்டவில்லை. பழக்கதோஷத்தில் நாங்களாகவே தெருவுக்கு வந்து வரிசையில் நின்றோம். எண்ண ஆளில்லை. தூக்கக் கலக்கத்தில் வந்த செல்விதான் எண்ணினாள்.

"ஒரு ஆள் குறையுதே" என்றவள், மாமா வீட்டுக்குள் ஓடினாள். மாமா சுவரில் சாய்ந்தபடியே போயிருந்தார்.

டைகர் இப்போது செல்வி வீட்டில் இருக்கிறது. அது குரைத்தால் இன்றும் லைன் முழுக்க வெளியே வந்து நிற்கிறோம். செல்வி எண்ணி முடித்து, உள்ளே போகலாம் என்கிறாள். எனக்குத்தான் கணக்கு சரியானதாகவே தோன்றுவதில்லை.