கரடி சிறுத்துவிடக் கூடாது

குழந்தைகளின் உயிரைக் காப்பதில் எங்கள் மருந்துக் கம்பெனிக்கு ஈரேழு உலகத்திலும் நிகர் கிடையாது. அங்கே டீ கொடுப்பவன் நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் காது பாம்புக் காது.

எங்கள் இனிப்பு ஜுர மருந்தைச் சின்னப் பிள்ளைகள் தாங்களே எடுத்துக் குடித்துவிடுகின்றன என்று புகார் வந்தது. உடனே 'அவசரப் பாதுகாப்புக் கூட்டம்' போட்டார்கள். அவசரம் என்பதால் இரண்டே சுற்று டீ.

"கசப்பாக்கிடலாமா?" என்றார் மருந்து கலக்குகிறவர்.

"கசந்தா எந்தப் புள்ள குடிக்கும்?" என்றார் மேனேஜர்.

"குடிக்கக் கூடாதுன்னுதானே சார் கூட்டம்?"

மேனேஜர் அவரைப் பார்த்தார். அவர் பிஸ்கட்டைப் பார்த்தார்.

"'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்'னு போட்டுடுங்க. நம்ம கடமை முடிஞ்சுது," என்றார் வக்கீல்.

"எங்க போடுறது? சீசா முழுக்கக் கரடிப் படம் நிக்குதே."

"கரடிக்குக் கீழ."

"கரடி சிறுத்துடுமே!"

"அப்ப எழுத்தச் சிறுசாக்குங்க."

கை தட்டினார்கள்.

புது சீசா வந்ததும் மேனேஜர் என்னிடம் நீட்டினார். "பெரியவரே, எழுத்து தெரியுதா?"

"கரடி காலடியில எறும்பு ஊருது சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததற்கு அந்தச் சீசா மருந்தோடு எனக்கே இனாம்.

வீட்டில் கட்டிலோரம் ஸ்டூல்மேல் வைத்தேன். மறுநாள் குளித்துவிட்டு வந்தால் மருமகள் அலறுகிறாள்: "மாமா, சீசா காலியாக் கெடக்கு!"

மூன்று வயதுப் பேத்தி உதட்டை நக்கிக்கொண்டு, "கரடிக்குப் பாதி, எனக்குப் பாதி," என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "ஈரலைப் பாதிக்கும். நாலு மணி நேரம் கழிச்சு ரத்தம் பார்த்தாத்தான் எதுவும் சொல்ல முடியும்," என்றார் டாக்டரம்மா.

நாலு மணி நேரம் மருமகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேத்திதான் மடியில் ஏறிக்கொண்டு, "கரடிக்கும் ஊசி போடுவாங்களா தாத்தா?" என்று நச்சரித்தாள்.

கடைசியில் பிழைத்தாள். சீசாக் கரடியின் வாயில் அவள் ஊற்றிய பாதி வழிந்து என் தலையணையில் ஊறியிருந்தது. கம்பெனி செய்த ஒரே பாதுகாப்பு ஏற்பாடு அந்தக் கரடிதான்.

சீசாவைத் திருப்பிப் பார்த்த டாக்டரம்மா கேட்டார்: "எட்டாத இடத்துல வைக்கணும்னு போட்டிருக்கே, பாக்கலையா பெரியவரே?"

"பாத்தேம்மா. எழுத்து எனக்கு எட்டாத இடத்துல, சீசா அவளுக்கு எட்டுற இடத்துல. ஒண்ண அவங்க வெச்சாங்க, இன்னொண்ண நான் வெச்சேன்."