மேடையில் காலமான அத்தைக்கு

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். நான் நலம். தங்கள் நலத்தை விசாரிப்பதில் எனக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. காரணம் போகப்போகத் தெரியும். அதற்கு முன் ஒரு நன்றி. பின்னால் இன்னும் வரும்.

போன மாதம் தொலைபேசியில் கேட்டீர்கள். "டேய், நீ என்ன வேலைடா பாக்கற? எவ்வளவு வருது? பக்கத்து வீட்டுல கேக்கறாங்க, நான் என்னன்னு சொல்றது?" சிக்னல் இல்லை என்றேன். பொய். முழுதாக இருந்தது. "சரி, எழுதிக் குடு" என்று வைத்துவிட்டீர்கள்.

எழுதிக் கொடுக்கிறேன்.

நான் மேடையில் தனியாக நின்று பேசி, ஆட்களைச் சிரிக்க வைத்துப் பிழைக்கிறேன். பத்து வாரமாகத் தொலைக்காட்சியிலும். பேச்சு இப்படித் தொடங்கும்: "எங்க அத்தை குடிநீர் ஆபீஸ்ல புகார் கவுண்டர். யார் வந்து என்ன சொன்னாலும் ஒரே பதில், எழுதிக் குடுங்க. குழாய்ல தண்ணி வரல. எழுதிக் குடுங்க. குழாய்ல மீன் வருதும்மா. எத்தனை மீன்னு எழுதிக் குடுங்க. நான் காலேஜ் படிக்கறப்ப அவங்க வீட்டுலதான் நாலு வருஷம். காலையில குளிக்க அஞ்சு நிமிஷம் கூடுதலா வேணும்னா மனு எழுதி அவங்க ரூம் கதவுக்கு அடியில தள்ளணும். தள்ளினேன். திரும்பி வந்துச்சு. பச்சை மையில, 'காரணம் போதவில்லை.'"

இதுதான் என் தொழில். முதல் இரண்டு நிமிடம் இது. மீதிப் பதினெட்டு நிமிடமும் நீங்கள்தான்.

முதல் மேடை ஒரு சலவைக் கடையின் மாடி. பன்னிரண்டு நாற்காலி, ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் துணிக்காகக் காத்திருந்தவர்கள். மீன் வந்தது, யாரும் சிரிக்கவில்லை. பச்சை மை வந்தது, ஒருவர் இருமினார். முன்வரிசையில் ஒரு பெண்மணி, பள்ளி ஆசிரியை போல, கையைத் தூக்கினார். "ஏம்ப்பா, சோறு போட்டவங்களை இப்படிப் பேசறியே, அவங்களுக்குத் தெரியுமா?" வாய் தானாகத் திறந்தது. "அத்தை போன வருஷம் தவறிட்டாங்க."

தூக்கிய கையை அவர் இறக்கினார். பிறகு அதே ஆசிரியை சிரித்தார். "எத்தனை மீன்னு எழுதணுமாம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். துணிக்காரர்கள் துணி வந்த பிறகும் போகவில்லை. அதே சொற்கள், அத்தை. ஒரு எழுத்து மாறவில்லை. உயிரோடு இருப்பவரைப் பற்றிச் சொன்னால் அது புறணி, இல்லாதவரைப் பற்றிச் சொன்னால் நினைவு. இதைப் பல்கலைக்கழகத்தில் எவரும் சொல்லித்தரவில்லை.

அன்று சலவைக் கடைக்காரர் இரவுச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து என் சட்டைக்கு இஸ்திரியும் போட்டுக் கொடுத்தார். முதல் வருமானம். நன்றி.

அதற்குப் பிறகு உங்களை உயிர்ப்பிக்க எனக்கு வசதிப்படவில்லை. முதல் வருடம் நீங்கள் போனது மாரடைப்பில், வருமானம் பேருந்துக் கட்டணம் மட்டும். அடுத்த வருடம் பாதி வாடகை வந்தது. ஆனால் ஒரு மருத்துவர் சங்க விழாவில் மேடையை விட்டு இறங்கியதும் நான்கு பேர் சூழ்ந்துகொண்டு என்ன மாத்திரை கொடுத்தார்கள், யார் பார்த்தார்கள் என்று துருவ, பயந்துபோய் நுரையீரலுக்கு மாற்றினேன், அடுத்த ஊரில் மாரடைப்பைக் கேட்டிருந்த ஒருவர் இரண்டாம் முறையும் வந்து "அன்னிக்கு இதயம்னீங்களே" என்றார், அன்றிலிருந்து "தூக்கத்திலேயே" என்று வைத்துக்கொண்டேன், அதில் யாரும் மேலே கேட்பதில்லை. ஒரு வங்கியின் ஆண்டுவிழாவில் இருபது நிமிடத்துக்கு மூன்று மாத வாடகை. உறையைக் கொடுத்த மேலாளர் என் கையை விடவே இல்லை. "இப்படி ஒரு அத்தை எனக்கு இல்லாம போயிட்டாங்களே" என்றார். எனக்கும் அழுகை வந்தது. நடிப்பில்லை.

போன வருடம் உங்கள் வீட்டுக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வந்ததே. கம்பெனி குலுக்கலில் விழுந்தது என்றேன். குலுக்கல் எதுவும் இல்லை. உங்கள் மரணத்தில் வாங்கியது. நான் கட்டிக்கொண்ட கடைவாய்ப் பல், அறை வாடகை, இந்தப் பேனா, எல்லாம் அப்படியே. நன்றி என்ற சொல் சின்னதாகத் தெரிகிறது. வேறு சொல் கிடைக்கவில்லை.

பிறகு தொலைக்காட்சி. விருந்தினர்கள் வந்து தங்கள் குடும்பக் கதைகளைச் சொல்வார்கள். நடுவில் உட்கார்ந்து நடத்துபவன் நான். தயாரிப்பாளருக்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர் 'செகண்ட்'. எதற்கும் "ஒரு செகண்ட்" என்பார், ஒரு மணி நேரம் ஆகும். ஒப்பந்தத்தில் ஒரு வரி: 'தொகுப்பாளர் கூறும் அனைத்தும் உண்மை.' பொய்யானால் வாங்கிய சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டும். கையெழுத்துப் போட்டேன். நிகழ்ச்சி ஞாயிறு ஏழு மணிக்கு. அந்த நேரம் மாமா செய்தி பார்ப்பார், வேறு எதையும் வைக்க விடமாட்டார் என்ற ஒரே நம்பிக்கையில் பத்து வாரம் ஓடியது.

இப்போது வரும் ஞாயிறு கடைசிப் பகுதி. நேரடி ஒளிபரப்பு. ஒரு மணி நேரமும் உங்களுக்கு அஞ்சலி. நான் கொடுத்த உங்கள் பழைய படத்தைக் கதவளவு பெரிதாக்கிக் கறுப்புச் சட்டம் போட்டிருக்கிறார்கள். நேற்று செகண்ட் கூப்பிட்டார்.

"ஒரு செகண்ட். அத்தை சைடுல யாராவது ஒருத்தர் வந்து ரெண்டு நிமிஷம் அழுதா போதும். அடுத்த சீசனும் உனக்குத்தான்."

"யாரும் இல்ல சார்."

"வீட்டுக்காரர்?"

"அவரும்."

மன்னிக்கவும். மாமா நேற்று மதியம் மூன்றரைக்குப் போய்விட்டார். பக்குவமாக அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ராத்திரி தூக்கம் இல்லை. மேடையில் நான் சொல்லாத ஒரு மனு உண்டு. நான்காம் வருடம். 'எனக்குப் பொறியியல் வரவில்லை. நிறுத்திவிடலாமா?' கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே நின்றேன். அது மட்டும் திரும்பி வரவில்லை. நீங்கள்தான் வந்தீர்கள். சமையலறை விளக்கைப் போட்டீர்கள். "உங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன். நீ உக்காந்து சாப்பிடு." அவ்வளவுதான். காரணம் கேட்கவில்லை. இதைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அதனால் சொன்னதில்லை. சொல்லாததற்கு அது உண்மையான காரணம்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். ஞாயிறன்று முதல் வரியிலேயே சொல்லப்போகிறேன். என் அத்தை உயிரோடு இருக்கிறார். நன்றாக இருக்கிறார். வேலை போகும். பத்து வாரச் சம்பளம் போகும். சலவைக் கடைக்காரரிடம் விசாரித்தேன், வியாழக்கிழமைகள் காலியாகத்தான் இருக்கின்றனவாம். திங்களன்று உங்கள் கவுண்டருக்குச் சிலர் குடிநீர்ப் புகார் இல்லாமலே வந்து உங்களை எட்டிப் பார்க்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். என்னையும்.

மாமாவுக்கு, அவர் எந்த நிலையில் இருந்தாலும், என் வணக்கம். இருவரும் நோய்நொடியின்றி நூறாண்டு வாழவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். என் தொழிலுக்கு இது எதிரான பிரார்த்தனை. ஆனாலும் மனதார.

தங்கள் என்றும் கடமைப்பட்ட
அண்ணன் மகன்

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் செகண்ட் கூப்பிட்டார்.

"ஏய், யாருமே இல்லன்னியே? உங்க அத்தையோட தங்கச்சி என் முன்னாடி உக்காந்திருக்காங்க! அந்தப் போட்டோவுக்கு இருபது வயசு கூடினா எப்படி இருக்கும், அப்படியே இருக்காங்க. கூட டிரைவர் ஒருத்தர். அவரும் கண்ணைத் துடைச்சுக்கறாரு. ஒரு செகண்ட், பேசு."

அப்பாவுக்கு ஒரே ஒரு தங்கை. எனக்கு அத்தை என்று வேறு யாரும் கிடையாது. அந்த வீட்டில் வண்டி ஓட்டுபவரும் மாமா ஒருவர்தான்.

"என்னடா, நல்லா இருக்கியா? நான்தான், சின்ன அத்தை. மூணு வருஷமா நீ பேசறது ஒண்ணு விடாம கேட்டுட்டுதான் இருக்கேன். நீ சொல்றதவிட எங்கக்கா மோசம், போனவளைப் பத்தி நான் ஏன் பேசணும். ஆனா அவ இருந்திருந்தா இந்தச் சம்பளத்துக்கு உன்னை விட்டிருக்கவே மாட்டா. பேசி முடிச்சுட்டேன், அடுத்த சீசனுக்கு ஒண்ணரை மடங்கு. உன் குரலே சரியில்ல, எதையோ உளறப் போற. ஞாயித்துக்கிழமை வாயை மூடிக்கிட்டு என் பக்கத்துல உக்காந்து அழு, போதும்."

ஆகவே, அன்புள்ள சின்ன அத்தைக்கு: இது உங்கள் அக்காவுக்கு எழுதிய கடிதம். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது முறையல்ல. கிழித்துப் போட்டுவிடவும்.