கூரை ஆய்வுக்கு முன்அனுபவம் உள்ளவர் தேவை

ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையைக் கழற்ற ஏணியும் கடப்பாரையும் போதும். கழற்றியாயிற்று என்று நம்புவதற்குத்தான் ஒரு மாவட்டத் தலைநகரமே தேவைப்படுகிறது.

அடி அண்ணாமலைத் தொடக்கப் பள்ளியின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை உடம்புக்கு ஆகாது என்று மேலிடத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்து, கோடை விடுமுறையில் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தார்கள் என்றால், ஒப்பந்தக்காரர் மணிவேலின் ஆட்கள் மேலே ஏறி நின்று கடப்பாரையால் குத்தி நொறுக்கினார்கள். புதுத் தகரக் கூரை வந்தது. பழைய கூரையின் தூள் மட்டும் பெஞ்சிலும் உத்தரத்திலும் சாம்பல் நிறத்தில் படிந்து கிடந்தது. அதைத் துடைக்கலாமா என்று தலைமை ஆசிரியை அருணாதேவி கேட்டதற்கு, ‘தகுதி வாய்ந்த ஆய்வாளர் ஒருவர் பரிசோதித்துச் சான்று வழங்கும்வரை மேற்படி தூசிக்கு எவ்வித இடையூறும் விளைவிக்கக் கூடாது’ என்று பதில் வந்தது.

பள்ளி திறந்தது, கட்டடம் திறக்கவில்லை. பிள்ளைகள் கிரிவலப் பாதை ஓரத்துப் புங்க மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து படித்தார்கள். மதியம் தட்டோடு வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பௌர்ணமி ஒரு பள்ளி நாளில் வந்து சேர்ந்தது. மலை சுற்ற வந்த ஜனம் வரிசையைப் பார்த்தது, தட்டைப் பார்த்தது, மற்றதைத் தானாகவே புரிந்துகொண்டது. புளியோதரைப் பொட்டலமும் வாழைப்பழமும் வந்து குவிந்தன. பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் மூன்றாம் வகுப்பு மொத்தத்துக்கும் போர்வை கொடுத்துவிட்டு, ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பையனின் காலில் விழுந்து எழுந்தது. சாயங்காலம் பாதையோரத்துக் காவி வேட்டிக்காரர் ஒருவர் வந்து, “டீச்சர், உங்க பசங்களால எங்களுக்கு வர்றது ரொம்ப கம்மியாயிடுச்சு, அந்தாண்ட எங்கயாச்சும் உக்கார வைங்க” என்று முறையிட்டார்.

அருணாதேவிக்கு அழுகையே வந்துவிட்டது. தன் பிள்ளைகளைப் பிச்சைக்காரர்கள் என்று நினைத்துவிட்டார்களே. எப்படியாவது அவர்களை நாலு சுவருக்குள் கொண்டுபோய்விட வேண்டும் என்று மறுநாளே திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினார்.

அங்கே ‘தகுதி வாய்ந்த ஆய்வாளர் தெரிவுக் குழு’ மும்முரமாகக் கூடியிருந்தது. குழுவின் செயலர் இளஞ்செழியன் நல்ல மனிதர். யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார். உட்கார வைத்துத்தான் திருப்பி அனுப்புவார்.

அன்றைக்கு நேர்காணல். முதலில் வந்தவர் அருள்ராஜ். சென்னைப் பக்கம் தொழிற்சாலைகளில் இதே வேலையை ஆயுள் முழுக்கப் பார்த்துவிட்டு ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்கு வந்திருப்பவர். காற்றை உறிஞ்சிச் சோதிக்கும் மெஷின் ஒன்றை மடியில் வைத்திருந்தார். அருணாதேவிக்கு உயிர் வந்தது.

“தகுதி எல்லாம் இருக்குது,” என்றார் இளஞ்செழியன் வருத்தத்தோடு. “ஆனா விதிப்படி இந்த மாவட்டத்துல முன்அனுபவம் இருக்கணும். இந்த மாவட்டத்துல இதுவரைக்கும் யாருமே இப்படி ஒரு ஆய்வு பண்ணது இல்ல.”

“அப்போ யாருக்குமே அனுபவம் இருக்காதே சார்,” என்றார் அருணாதேவி.

“அதனாலதான் மேடம் தெரிவு இவ்ளோ கஷ்டமா இருக்குது.”

“இவரையே ஒரு தடவை பண்ணச் சொன்னா அனுபவம் வந்துடும் இல்லீங்களா?”

“அனுபவம் இல்லாதவர நம்பி பசங்க உயிர எப்படி மேடம் ஒப்படைக்கறது?” அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது. பிறகு மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். “இது காத்த எடுத்து என்ன பண்ணும்?”

“சென்னை லேபுக்கு அனுப்புவோம் சார். அங்க மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாப்பாங்க.”

“பள்ளி வளாகத்துக் காத்து அரசுக்குச் சொந்தம். அதை மாவட்டத்த விட்டு வெளிய எடுத்துட்டுப் போறதுக்கு யாரு சார் அனுமதி குடுப்பா?”

அருள்ராஜ் மெஷினைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்.

அடுத்து கோபி. சில வருஷம் முன்புவரை பஸ் ஸ்டாண்டில் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தான். செங்கம் ரோட்டுக்குக் குடிபோய், ஆசிரமப் பக்கத்து காபிக் கடைகளில் வெள்ளைக்காரர்களோடு உட்கார ஆரம்பித்ததில் இருந்து அவன் ‘வெளி நலம் பேணுநர்’, அதாவது வீடு, கட்டடங்களின் மனக்குறையைத் தீர்ப்பவன். கசங்கிய பருத்திச் சட்டை, கழுத்தில் பெரிய ஸ்படிகம். வெண்கலக் கிண்ணம் ஒன்றை எடுத்துக் குச்சியால் தட்டினான். குழு முழுவதும் கண்ணை மூடியது, ப்யூனைத் தவிர.

“அந்த பில்டிங் சோகமா இருக்குது,” என்றான் கோபி. “கூரைய பிரிஞ்ச துக்கம். தூசிய நாம வெறுக்கக் கூடாது. நன்றி சொல்லி அனுப்பணும்.”

இளஞ்செழியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏறக்குறைய கோபிதான் என்று ஆகியிருந்தது. விதியை இன்னொரு தடவை படித்ததில், ‘கண்ணால் பார்த்து ஆய்வு செய்ய வேண்டும்’ என்று இருந்தது. கோபி கண்ணை மூடித்தான் பார்ப்பான். திறந்தால் ஒன்றும் தெரியாது என்று அவனே ஒப்புக்கொண்டான்.

“மிச்சம் இருக்கறது மணிவேல்தான்,” என்றார் இளஞ்செழியன். “ஆஸ்பெஸ்டாஸோட அனுபவம் இருக்குது. ஆனா கூரைய எடுத்தவரே கூரைய எடுத்தத ஆய்வு பண்ணா நாலு பேரு சிரிப்பாங்க.”

இந்த இடத்தில்தான் அருணாதேவிக்குப் பொறுமை போனது. “ஆஸ்பெஸ்டாஸோட ஜாஸ்தி அனுபவம் யாருக்குன்னு கேக்கறீங்களா சார்? எங்க பசங்களுக்குத்தான். ஒண்ணாவதுல இருந்து அதுக்குக் கீழதான் உக்காந்து மூச்சு விட்டாங்க. அவங்களையே ஆய்வாளரா போட்டுடுங்க.”

கோபத்தில் சொன்னது. ஆனால் அரசு அலுவலகத்தில் கோபத்துக்குத் தனிக் கோப்பு கிடையாது, எல்லாம் ஒரே கோப்பில்தான் ஏறும். இளஞ்செழியன் பேனா மூடியைத் திறந்தார்.

“மேடம், இது அருமையான முன்மொழிவு. மாவட்டத்துக்குள்ள இருக்கறவங்க. ஒப்பந்தக்காரருக்குச் சம்பந்தம் இல்லாதவங்க. நீண்ட கால அனுபவம். பசங்க உள்ள உக்காரட்டும். ஒரு வாரம் கழிச்சு நாங்க வர்றோம். யாரும் இருமலைன்னா கட்டடம் சுத்தம்.”

அருள்ராஜ் எழுந்துவிட்டார். “சார், இது இருமல்ல தெரியற சமாச்சாரம் இல்ல. உள்ள போச்சுன்னா இருபது முப்பது வருஷம் கழிச்சுத்தான் நெஞ்சுல காட்டும்.”

“ஆட்சேபணை தெரிவிக்கக் கெடு பதினஞ்சு நாள்தான் சார்,” என்றார் இளஞ்செழியன் அன்பாக.

அருணாதேவி, தான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் அடுத்த பௌர்ணமியும் தட்டு வரிசையும் வந்து நின்றன. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பிள்ளைகள் உள்ளே போனார்கள். தூசிக்கு இடையூறு விளைவிக்காமல் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்கள். ஆய்வு என்று வந்துவிட்டால் எந்தப் பள்ளியிலும் நடக்கிற ஒத்திகை இங்கேயும் நடந்தது. எப்படி எழுந்து வணக்கம் சொல்வது, கையை எங்கே கட்டுவது, கேட்டால் எப்படிப் பதில் சொல்வது. கூடவே, தொண்டை கரகரத்தால் எச்சிலை விழுங்கி, மனசுக்குள் நூறுவரை எண்ணுவது. இதை அருணாதேவிதான் கற்றுக்கொடுத்தார். நல்ல ஆசிரியை, நன்றாகவே கற்றுக்கொடுத்தார். நாலாம் வகுப்பு சினேகாவுக்கு மட்டும் எவ்வளவு எண்ணியும் நிற்கவில்லை. ஆய்வன்று அவளை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

குழு வந்தது. முகத்துக்கு இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு, வாசற்படிக்கு வெளியே நின்று, “யாருக்காச்சும் இருமல் இருக்குதா?” என்று இளஞ்செழியன் கேட்டார்.

“இல்லீங்க சார்,” என்று பள்ளி ஒரே குரலில் சொன்னது. கண்களில் நீர் முட்டியிருந்தது. குழு அதை மகிழ்ச்சி என்று பதிவு செய்துகொண்டது.

சான்றிதழை வாசலில் வைத்தே கொடுத்தார்கள். கூடவே இன்னொரு ஆணையும் வந்தது. மாவட்டத்தில் முன்அனுபவம் உள்ள ஆய்வாளர்கள் இப்போது இந்தப் பிள்ளைகள் மட்டும்தான் என்பதால், ஆஸ்பெஸ்டாஸ் கழற்றிய மற்றக் கட்டடங்களுக்கும் அவர்களையே அனுப்ப வேண்டும். வேன் உண்டு, கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டை உண்டு, ஆய்வு முடிந்ததும் பிஸ்கெட் உண்டு.

அருணாதேவி இந்தத் தடவை நிஜமாகவே மறுத்துவிடுவது என்று தீர்மானித்தார். பெற்றோர்களைக் கூட்டினார். அருள்ராஜ் சொன்ன முப்பது வருஷக் கணக்கை ஒன்று விடாமல் எடுத்துச் சொன்னார். இவர்கள் கொதித்தெழுந்து ஆணையைக் கிழித்தால் தானும் கூடவே கிழிக்கலாம் என்று காத்திருந்தார்.

கூட்டத்தின் நடுவிலிருந்து சினேகாவின் அம்மா சரசு எழுந்தாள். கிரிவலப் பாதையில் இளநீர் விற்பவள், ஊரில் யாருக்கும் பயப்படாதவள். முகமெல்லாம் கோபம்.

“ஏன் டீச்சர், எல்லாப் பசங்களுக்கும் கவர்மெண்டு அட்டை வந்திருக்குது. எம் பொண்ணு பேர மட்டும் வுட்டுட்டீங்களே, என்ன நியாயம் இது?”

“சரசு, அவ இருமறா.”

“இரும மாட்டா டீச்சர். நான் சொல்லி அனுப்பறேன்.”

அருணாதேவி சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் சரசு பக்கம்தான் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் பேனாவை எடுத்து சினேகாவின் பேரையும் சேர்த்துக்கொண்டார்.