பேரெந்தா அண்ணாச்சி

உலகத்தின் எந்த மூலையில் விமானம் விழுந்தாலும் ஸ்ரீவராகத்தில் ஒரு சட்டை தீய்ந்துபோகும். சத்தியமாகச் சொல்கிறேன். எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டியில் பேரெந்தா அண்ணாச்சி ஒரு கையில் பெட்டியும் மறுகையில் போனுமாக, அந்த விமானத்துக்காக யாருடனாவது சண்டை போட்டுக்கொண்டிருப்பார்.

சண்டை எப்போதும் ஒன்றுதான். "வெள்ளைக்காரன் செத்தா பேரு, படிப்பு, கல்யாண போட்டோ, வளத்த நாயி பேரு வரைக்கும் போடுதான். படகு கவுந்து கறுப்பு சனம் செத்தா வெறும் எண்ணிக்கை! ஏன் சாமி, அவனுக்கெல்லாம் அவுக அம்மா பேரு வைக்கலியா?"

செய்தி எதுவானாலும் அடியில் கருத்துப் பகுதியில் போய் "பேரெந்தா?" என்று இந்த ஊர் மலையாளத்தில் கேட்பார். பேர் என்ன? தெரு அதையே அவருக்குப் பேராக வைத்துவிட்டது.

டைப் அடிக்க வராது. வாயால் சொல்வார், போன் எழுதிக்கொள்ளும். ஒருநாள் நிறவெறியைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு மாமி புடவையை நீட்டினாள். "மாமி, பார்டர் சுருங்கிப்போச்சே, நான் பொறுப்பில்ல!" என்றார். அதுவும் சேர்ந்து பதிவாகிவிட்டது. எந்த நாட்டு எல்லை சுருங்கியது என்று முன்பின் தெரியாதவர்கள் பொழுது சாயும்வரை அடித்துக்கொண்டார்கள்.

நான் ஒரு மலையாள இணையச் செய்தித் தளத்தில் வேலை பார்க்கிறவன். விழிஞ்ஞம் போகும் வழியில் ஒரு மனையில் அஸ்திவாரம் தோண்டும்போது மண் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். அவசர அவசரமாக எழுதினேன். உள்ளூர்க்காரருக்குப் பேர், வீடு, பிள்ளைகள், போட்டோ. மற்றவருக்கு 'ஒரு தமிழ்நாடு ஸ்வதேசி', அதாவது தமிழ்நாட்டுக்காரர், அவ்வளவுதான். இங்கே வழக்கமாக அப்படித்தான் எழுதுவோம். நானும் தமிழன்தான், கை கூசவில்லை.

அடியில் முதல் ஆளாக அண்ணாச்சி: "பேரெந்தா?"

"சேட்டன்றெ பந்துவாணோ?" என்று ஒருவன் நக்கலடித்தான். உமக்குச் சொந்தமா என்று.

"ஆமா, பந்துதான்."

மறுநாள் வண்டி திறக்கவில்லை. தெருவே கசங்கிய சட்டையில் ஆபீஸ் போயிற்று. மத்தியானம் எனக்குப் போன் வந்தது.

"சாமி, ஆஸ்பத்திரி பொணவறை வாசல்ல நிக்கேன். அந்தப் பையனோட தம்பி வந்திருக்கான். பாவம், மலையாளம் தெரியாம முழிச்சிட்டு இருந்தான். எழுதிக்கிடுங்க. செத்தவன் பேரு செல்வராசு. சங்கரன்கோயில் பக்கம். ஒரே மவ, ரெண்டாங்கிளாஸ் படிக்கா. வளந்து ஒருநாள் போன்ல தேடுவால்லா? அப்பன் பேரு அதுல கிடக்காண்டாமா?"

பழைய செய்தியை இனி யார் படிப்பார்கள் என்றார் எங்கள் எடிட்டர். ஒரு குழந்தை படிக்கும் சார் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றார். பேர் ஏறியது.

அடுத்த நாள் காலையில் வண்டியருகே போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அண்ணாச்சி, அந்த நியூஸை எழுதினது நான்தான்."

"தெரியுமே சாமி. உங்க பேரு மேல கிடந்துதுல்லா."

எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. பதினோரு வருஷமாக என் சட்டையைத் தேய்க்கிற மனிதர்.

"அண்ணாச்சி, உங்க பேரென்ன?"

அன்று கையில் போன் இல்லை, சண்டையும் இல்லை. ஆனாலும் பெட்டி என் நீலச் சட்டைமேல் அப்படியே நின்றுவிட்டது.

"எம் பேரா? இப்பம் என்னத்துக்கு சாமி?" என்று வேறு பக்கம் பார்த்தார். பிறகு, "சுடலைமுத்து" என்றார், பொண்ணு பார்க்க வந்த இடத்து மாப்பிள்ளை மாதிரி. அதற்குள் புகை கிளம்பிவிட்டது.

இப்போது நாங்கள் வேறு பக்கம் குடிவந்துவிட்டோம். முதுகில் முக்கோணத் தழும்போடு கிடந்த அந்த நீலச் சட்டையை நேற்று என் மனைவி தரை துடைக்க எடுத்தாள். பிடுங்கிக்கொண்டேன்.

"ஏன்னா, இதென்ன பொக்கிஷமா?"

"சுடலைமுத்து தேச்ச சட்டைடீ" என்றேன்.